மறதியா, கவனக்குறைவா?

மருந்து உட்கொண்டோமா, அடுப்பை அணைத்தோமா என்பது நினைவில் இல்லாதபோது, மறதிநோய் தொடங்கிவிட்டதோ எனப் பலர் அஞ்சுகின்றனர். அவர்களுள் பலருக்குக் குறைந்திருப்பது நினைவாற்றல் அன்று, கவனமே. மனம் ஊன்றிப் பாராதது மூளையில் பதிவதில்லை. பதியாததை மீட்டெடுக்கவும் இயலாது.

கவனத்தைக் குலைப்பவற்றுள் முக்கியமானது மனநிலை. கவலையுற்ற மனம் ஒரே எண்ணத்தைச் சுற்றி வருவதால், எதிரில் உள்ளது கண்ணில் பட்டும் கருத்தில் படுவதில்லை. மனச்சோர்வு நோயின் அறிகுறிகளுள் கவனக்குறைவும் ஒன்று. இரவுபகலாக நோயாளியைப் பேணுவோருக்கும் இது நேரலாம்.

உடற்பயிற்சி இங்கு இருவகையில் துணைபுரிகிறது. விரைந்து நடந்தபின் சிறிது நேரம் கவனம் சற்றே கூர்மையடைகிறது. ஆகவே, வாரத்திற்குரிய மாத்திரைகளைப் பிரித்துவைக்கும் பணியை நடைக்குப் பின் செய்யலாம். நாள்தோறும் தொடர்ந்தால் சில வாரங்களில் உறக்கம் சீராகி, மனச்சோர்வு தணிந்து, கவனமும் மேம்படக்கூடும்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நடக்கையில் பேச முடியும், பாட முடியாது என்பதே மிதமான வேகம். 10 நிமிடங்களாகப் பிரித்தும் நடக்கலாம். இதயநோய் உடையோரும் அறுவை சிகிச்சை பெற்றோரும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக.

நடைப்பயிற்சி மருந்துக்கு மாற்று அன்று. மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது. மனச்சோர்வு 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் எங்களிடம் தெரிவியுங்கள். திடீரெனக் குழப்பமோ பேச்சுத் தடுமாற்றமோ தோன்றினால், சற்றும் தாமதியாமல் நோயாளியை அவசரப் பிரிவுக்கு அழைத்து வருக.