வரிசையும் நாமும்

காசிமேட்டுக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால், துறைமுகத்திற்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் காணலாம். உள்ளே இடம் கிடைக்கும்வரை அவை காத்திருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாயிலை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் நீண்டு நிற்பதையும் நாம் அறிவோம். ரேஷன் கடையிலும் தண்ணீர் லாரியிலும் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாம். இருந்தும், வரிசையைப் பற்றிய பாடத்தை நாங்கள் கற்றது ஓர் உல்லாசப் பயணத்தில்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிற்கு எங்கள் வகுப்பினர் சென்றிருந்தோம். மாலையில் ராட்சத ராட்டினத்தின் முன் பெருங்கூட்டம். எங்களில் ஒருத்தி முன்னதாகச் சென்று வரிசையில் நின்றுகொண்டாள். அவளுடைய முறை வரும் சமயம் நாங்கள் பதினோரு பேர் ஓடிப் போய் அவளோடு சேர்ந்துகொண்டோம். பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டே ஏறினோம். நாங்கள் இறங்கிச் சிறிது நேரத்தில் பூங்கா மூடும் நேரமாகி, விசில் ஊதிவிட்டார்கள். வரிசையின் கடைசியில் இரண்டு குழந்தைகளோடு நின்ற ஒரு தாய், அழும் சிறியவனைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

பேருந்தில் எங்களுக்குப் பேச்சு எழவில்லை. மறுநாள் நடந்ததைச் சொன்னோம். சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார்.

ராட்டினத்தில் 12 பெட்டிகள். பெட்டிக்கு 4 பேர். ஆக, ஒரு சுற்றுக்கு 48 பேர். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 6 சுற்று. ஏறக்கூடியவர்கள் 288 பேர். இடையில் 11 பேர் புகுந்தால் என்ன ஆகும்? அந்தச் சுற்றில் ஏறவேண்டிய 11 பேர் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுவார்கள். அவர்கள் ஏறுவதால் அடுத்த சுற்றில் வேறு 11 பேர் தள்ளப்படுவார்கள். இப்படியே தொடர்ந்து, விசில் ஊதும்போது கடைசியில் நிற்கும் 11 பேர் ஏறாமலே வீடு திரும்புவார்கள். நம் பின்னால் நின்று முணுமுணுத்தவருக்குப் பத்து நிமிடம்தான் நட்டம். முழு நட்டமும் நாம் முகம் பார்த்திராத ஒருவர் தலையில் விழுகிறது. இவ்வாறு காத்திருத்தலைக் கணக்கிடுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஏ. கே. எர்லாங், தொலைபேசி இணைப்புக்காகக் காத்திருப்போரை ஆராய்ந்து 1909இல் எழுதிய கட்டுரையே அதற்கு வழி திறந்தது.

“குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் போகிறோமே, அது மட்டும் சரியா?” என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். அங்கே ஒரு குடத்திற்கு ஓர் இடம். அது எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. ஒரு குடத்தை வைத்துவிட்டுப் பன்னிரண்டு குடங்களோடு வந்தால் நம் தெருப் பெண்கள் விடுவார்களா? கர்ப்பிணிகளையும் முதியோரையும் முன்னே அனுப்புவதும் குற்றமன்று. அது அனைவரும் அறியச் செய்யும் சலுகை. மறைவாகத் தமக்குத் தாமே எடுத்துக்கொள்ளும் சலுகைதான் திருட்டு.

வரிசை குலைந்தால் நேரம் மட்டுமா போகும்? 2005ஆம் ஆண்டு மழை வெள்ளத்திற்குப் பின், நவம்பர் 6 அன்று நமக்கு அருகிலுள்ள வியாசர்பாடியில் நிவாரணம் வாங்கக் கூடிய கூட்டத்தின் நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். டிசம்பர் 18 அன்று எம்.ஜி.ஆர். நகரில் 42 பேர் இறந்தார்கள். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் சிறிதளவே தள்ளுகிறார். ஆனால் நூறு பேருடைய சிறு தள்ளல்கள் சேர்ந்து முன்னால் நிற்பவரை மூச்சுத் திணற வைக்கின்றன. பூங்காக்களில் வளைந்து வளைந்து செல்லும் கம்பித் தடுப்பு வீண் அலைச்சல் அன்று. நெருக்கும் விசை ஓரிடத்தில் குவியாதபடி அது கூட்டத்தைப் பிரித்து நிறுத்துகிறது.

பூங்காவின் பிற விதிகளும் இப்படியே. உயர அளவுகோலைக் காட்டிச் சிறுவர்களைத் திருப்பி அனுப்பும்போது நாம் கோபப்படுகிறோம். பெரியவர் உடலுக்கென அமைந்த பாதுகாப்புக் கம்பி சிறு உடலைப் பிடித்துக்கொள்ளாது என்பதை எண்ணுவதில்லை. பின்னலையும் துப்பட்டாவையும் இறுக முடிந்துகொள்ளச் சொல்வதும் வீண் கண்டிப்பன்று. 2018 பிப்ரவரியில் ஹரியானா மாநிலம் பிஞ்சோரில், சிறு பந்தய வண்டியில் சென்ற ஒரு பெண் சக்கரத்தில் கூந்தல் சிக்கி உயிரிழந்தார்.

விதி வருகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று. நடத்துகிறவர்களையும் அது கட்டும். 2016 மே மாதத்தில் தாம்பரத்தை அடுத்த ஒரு பூங்காவில், சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து ஊழியர் ஒருவர் இறந்தார். ஆகவே பெற்றோர்களே, இயந்திரம் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டதா, கம்பி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு கேட்க வேண்டுமானால், முதலில் நாம் விதியைக் காப்பவர்களாக இருக்க வேண்டும்.

காவலர் ஒருவரால் ஆயிரம் பேரை நிறுத்த முடியாது. வரிசையில் நிற்பவர்களே வரிசையின் காவலர்கள். யாராவது இடையில் புகுந்தால் சண்டையிட வேண்டாம், வாளாவிருக்கவும் வேண்டாம். “அக்கா, வரிசை அங்கே முடிகிறது” என்று மரியாதையாகச் சொன்னாலே பலர் நகர்ந்துவிடுவார்கள். கேட்காவிட்டால் ஊழியரை அழைப்போம். தோழி அழைத்தாலும், “நான் பின்னால் நிற்கிறேன்” என்று சொல்லப் பழகுவோம்.

அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்க எங்களுக்கு இனி வாய்ப்பில்லை. ஆனால் எந்த வரிசையிலும் கடைசியில் நிற்பவரை ஒருமுறை திரும்பிப் பார்க்க இப்போது கற்றிருக்கிறோம். கப்பலும் காத்திருக்கிறது, நாமும் காத்திருப்போமாக.