மார்ச் காற்றில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு

ஸ்பிரிங் பிரேக்குக்கு டாலஸ், ஃபோர்ட் வொர்த் பக்கமிருந்து டிரெய்லரை மாட்டிக்கொண்டு கொலராடோவுக்கோ நியூ மெக்சிகோவுக்கோ கிளம்பும் குடும்பங்கள் இன்றே கேலண்டரை எடுத்து, போகும்போது ஒரு நாள், திரும்பும்போது ஒரு நாள் சும்மா விட்டுவையுங்கள். கேம்ப்கிரவுண்ட் புக்கிங் வீணாகிவிடுமே என்ற கவலையில்தான் பலர் ஓட்டக்கூடாத நாளில் ஓட்டுகிறார்கள். ஒரு ராத்திரி வாடகை போனால் போகட்டும்.

மார்ச் முதல் மே வரை தெற்குச் சமவெளியில் காற்றுக்காலம். ராக்கி மலைகளின் கிழக்குச் சரிவில் தாழ்வழுத்தம் உருவாகும். தரை சூடேறும்போது மேலே ஓடும் வேகக்காற்று கீழே இறங்கிவிடும். அது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். டாலஸிலிருந்து விச்சிட்டா ஃபால்ஸ், சில்ட்ரெஸ் வழியாக அமரில்லோ போகும் 287-ஆம் நெடுஞ்சாலையோ வடமேற்கு நோக்கிச் செல்கிறது. ஆக, காற்று டிரைவர் பக்கத்துச் சுவரில் நேர்க்குத்தாக அறையும். அமரில்லோ தாண்டி டல்ஹார்ட், கிளேட்டன், ராட்டோன் பாதையிலும் இதே கதைதான். மரமோ மேடோ இல்லாத வெளி. ஒதுங்க இடம் கிடைப்பது அரிது.

25 அடி டிரெய்லரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 200 சதுர அடி. மணிக்கு 20 மைல் பக்கக்காற்று அதைச் சுமார் 200 பவுண்டு விசையோடு தள்ளும். காற்று 40 மைலானால் அந்த விசை இரண்டு மடங்கில் நிற்காது, நான்கு மடங்காகி 800 பவுண்டைத் தாண்டிவிடும். தேசிய வானிலை சேவை பொதுவாகக் காற்று எச்சரிக்கை விடுவது, காற்று நிலையாக 31 மைலோ இடையிடையே 46 மைலோ தொடும் என்றால்தான். அது எல்லா வண்டிகளுக்குமான அளவு. டிரெய்லர்காரர் அதுவரை காத்திருக்கக்கூடாது. என் கணக்கு இது: இடையிடையே வீசும் காற்று 30 மைலைத் தாண்டும் என்றால் நேரத்தை மாற்றுங்கள், 40 என்றால் கிளம்பவே வேண்டாம். முன்னறிவிப்பை வீட்டு முகவரிக்குப் பார்த்துப் பயனில்லை. சில்ட்ரெஸ், அமரில்லோ, டல்ஹார்ட் என்று ஊர் ஊராக, மணிக்கு மணி வரைபடத்தைப் பாருங்கள். பொதுவாக விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், பதினொரு மணிக்குமேல் எழும்பும். நான்கு மணிக்குக் கிளம்பி, மதியச் சாப்பாட்டை முகாமில் வைத்துக்கொள்வது நல்லது. குளிர்முகம் கடக்கும் நாளில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, ராத்திரியிலும் அடிக்கும்.

அடுத்தது சாமான். டிரெய்லரின் மூக்கு ஹிட்ச்சின்மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்கிறார்கள். மொத்த எடையில் அது 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். 6,000 பவுண்டு டிரெய்லருக்கு 600 முதல் 900. இது குறைந்தால் டிரெய்லரின் வால் ஆடத் தொடங்கும், காற்று அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். நம் வீட்டு வழக்கம் இங்கேதான் உதைக்கும். சமையலறை பின்சுவரில் இருக்கும் டிரெய்லர் நமக்கு ரொம்பப் பிடிக்கும். அரிசி மூட்டை, கிரைண்டர், இரும்பு தோசைக்கல், குக்கர், தண்ணீர் கேன் எல்லாம் அங்கேயே போய்ச் சேரும். அச்சுக்கு 9 அடி பின்னால் 100 பவுண்டு வைத்தால், 15 அடி முன்னாலிருக்கும் ஹிட்ச்சில் 60 பவுண்டு குறையும். பின் பம்பரில் நாலு சைக்கிளும் தொங்கினால் கேட்கவே வேண்டாம். கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டி வைத்துக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி அரைகுறையாக நிரம்பித் தளும்பக்கூடாது. அது பின்பக்கம் இருந்தால் காலி செய்துவிடுவதே மேல்.

ஊகிக்காமல் எடை போட்டுப் பாருங்கள். பெரிய டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும். டிரெய்லரை மாட்டி ஒருமுறை, டிரக்கை மட்டும் ஒருமுறை. எடையைப் பகிரும் கம்பிகளைக் கழற்றிவிட்டுப் போட்டால், டிரக் அச்சுகளில் கூடியிருக்கும் எடைதான் டங் வெயிட். ஸ்வே கன்ட்ரோல் கருவி வாங்கிவிட்டோமே என்று இதை விட்டுவிடாதீர்கள். கோணலாக ஏற்றிய பாரத்தை எந்தக் கருவியும் நேராக்காது.

குளிர்காலம் முழுக்க நின்ற வண்டியில் பிரேக்அவே பேட்டரி செத்திருக்கலாம், சோதியுங்கள். டயர் காற்றைக் கிளம்புமுன் குளிர்ந்த நிலையில் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காகப் போகட்டும், ஆனால் சாலையில் உரசக்கூடாது. உரசினால் எழும் பொறியில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். 2024 பிப்ரவரியில் இதே வட டெக்சஸ் சமவெளியில் பிடித்த காட்டுத்தீ, காற்றோடு 10 லட்சம் ஏக்கருக்கு மேல் பரவியது. ஆனிங்கைச் சுருட்டியதோடு விடாமல் பட்டையால் கட்டிவிடுங்கள்.

சாலையில் பலகை 75 சொன்னாலும் 60-ஐத் தாண்டாதீர்கள். காற்று எழும்பினால் 50, 45. க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். பதினெட்டுச் சக்கர லாரி முந்தும்போது முதலில் டிரெய்லரை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். பாலத்தடியில் காற்று சட்டென்று நிற்கும், வெளியே வந்ததும் முழு வேகத்தில் அடிக்கும். இரண்டுக்கும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக் காத்திருங்கள், திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

வால் ஆடிவிட்டதா? கால் பிரேக்குக்குப் போகத் துடிக்கும், போகவிடாதீர்கள். டிரக் வேகம் குறைந்தால் பின்னால் வரும் பாரம் அதை முட்டித் தள்ளும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்து, அது டிரக்கைப் பின்னாலிருந்து இழுத்து நிறுத்தும். கை பழகும்வரை காலியான பார்க்கிங் இடத்தில் மெதுவாக ஓட்டி இதைச் செய்துபாருங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் கைப்பிடி எங்கே என்று தெரிந்திருக்கட்டும்.

நிறுத்த முடிவெடுத்தால் ஹிட்ச்சைக் கழற்றாதீர்கள். கெட்டியான கட்டடத்தின் மறைவில், அல்லது மூக்கைக் காற்றைப் பார்த்துத் திருப்பி நிறுத்துங்கள். காட்டன்வுட் மரத்தடி வேண்டாம், கிளை முறியும். ஸ்லைடை உள்ளே இழுத்து, கூரை வென்ட்டை மூடி, கேஸை அடைத்துவிடுங்கள். காற்று கடுமையாக இருந்தால் பிள்ளைகளோடு டிரக் ஸ்டாப்புக்குள் போய் உட்காருங்கள். டிரெய்லருக்குள் படுக்க வேண்டாம்.

நியூ மெக்சிகோவில் லார்ட்ஸ்பர்க் அருகே ஐ-10 போன்ற இடங்களில் புழுதிப் புயல் மூடினால், சாலையை விட்டு முடிந்த அளவு விலகி நில்லுங்கள். ஹெட்லைட், ஹசார்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால், அதுதான் சாலை என்று பின்னால் வருபவர் நேராக வந்து மோதுவார். சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருங்கள்.