'அல்' சுமந்து வந்த ஆங்கிலச் சொற்கள்

மொழிகள் கொண்டும் கொடுத்தும் வளர்வன. பிறமொழிச் சொல் தமிழுக்குள் வருங்கால் எவ்வாறு உருமாறிப் பொருந்த வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியர் எச்சவியலில் நெறி வகுத்துள்ளார். ஆங்கிலமும் பன்மொழிச் சொற்களை ஏற்று வளம் பெற்ற மொழியே. அம்மொழியில் 'அல்' என்னும் எழுத்துச் சேர்க்கையை முதலாகக் கொண்ட சொற்கள் பல உள. அவற்றுள் அரபு வழி வந்தவை எவை, அவற்றின் பொருள் யாது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

'அல்' என்பது யாது?

அரபு மொழியில் 'அல்' என்பது பெயர்ச்சொல்லின் முன் ஒட்டி நின்று, குறித்த ஒன்றைச் சுட்டுவது; ஆங்கிலத்தின் 'தி' என்பதற்கு நிகரானது. 'கிதாப்' எனின் ஒரு நூல். 'அல்கிதாப்' எனின் அந்த நூல். அரபு எழுத்துகள் 28இல் 14 எழுத்துகளின் முன் இதன் லகரம் ஒலிக்காது. வரும் எழுத்தே இரட்டிக்கும். 'அல்' என்பதனோடு 'ஷம்ஸ்' சேர்ந்து 'அஷ்ஷம்ஸ்' ஆவது இவ்வாறே. கல்லும் தூணும் புணர்ந்து 'கற்றூண்' எனத் திரிவதைக் கற்ற நமக்கு இது புதுமையன்று.

வந்த வழி

அரபுச் சொற்கள் ஐரோப்பாவினுள் புகுந்த பெருவாயில் ஸ்பெயின் ஆகும். தாரிக் இப்னு ஸியாத் அங்கு இறங்கிய 711 முதல் கிரனாடா வீழ்ந்த 1492 வரை, அந்நிலத்தின் ஏதேனும் ஒரு பகுதியிலேனும் முஸ்லிம் ஆட்சி நிலவியது. ஸ்பானிய மக்கள் 'அல்' என்பதனையும் சொல்லின் உறுப்பாகவே கொண்டனர். இத்தாலி வழிச் சென்ற சொற்களிலோ அது பெரும்பாலும் நீங்கிற்று. பருத்தியைக் குறிக்கும் 'அல்குத்ன்' என்பது ஸ்பானியத்தில் 'அல்கொதோன்' ஆயிற்று. இத்தாலியத்தில் 'கொதோனே' ஆயிற்று. ஆங்கிலத்தின் 'காட்டன்' 'அல்' நீங்கிய வடிவமே.

சொற்களும் பொருள்களும்

ஆல்ஜிப்ரா: கலீஃபா மாமூன் (813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ இயற்றிய கணித நூலின் பெயரில் 'அல்ஜபர்' என்னும் சொல் உள்ளது. உடைந்ததைப் பொருத்துதல், குறைந்ததை நிறைத்தல் என்பன அதன் பொருள். சமன்பாட்டின் ஒரு புறத்தில் கழிக்கப்பட்டு நிற்கும் உறுப்பை இரு புறமும் கூட்டி நிறைவாக்கும் முறைக்கு அவர் இப்பெயரை ஆண்டார். 1145இல் செஸ்டர் ராபர்ட் என்பார் இதனை இலத்தீனில் பெயர்த்தார். ஸ்பானியத்தில் எலும்பு முறிவைக் கட்டும் வைத்தியருக்கு 'அல்ஹெப்ரிஸ்தா' என்னும் பெயர் வழங்கியது. இறைவனின் திருநாமங்களுள் ஒன்றாகிய 'அல்ஜப்பார்' என்பதும் இதே வேரிற் பிறந்தது.

அல்காரிதம்: இது மேற்கூறிய அறிஞரின் பெயரே. 'அல்குவாரிஸ்மீ' என்றால் குவாரிஸ்ம் நாட்டவர் என்பது பொருள். இலத்தீனில் திரிந்த அப்பெயர், இன்று கணிப்பொறிக்கு இடப்படும் செயல்முறைக்குப் பெயராகி நிற்கிறது.

ஆல்கஹால்: 'அல்குஹ்ல்' என்பது கண்ணுக்கு இடும் சுருமா. மிக நுண்ணிய தூளைக் குறித்த இச்சொல் ஐரோப்பிய இரசவாதிகளிடையே 'வடித்தெடுத்த சாரம்' எனப் பொருள் விரிந்தது. பின்னர் மதுவின் சாரத்துக்கே உரியதாயிற்று. அரபியில் மதுவுக்குப் பெயர் 'கம்ரு' என்பதாகும். கண்ணுக்கு அழகு செய்த பொருளின் பெயர், மார்க்கம் விலக்கிய பொருளுக்குச் சென்று சேர்ந்தது சொற்பொருள் மாற்றத்துக்குச் சிறந்த சான்றாகும்.

அல்கலி: 'அல்கலீ' என்பது உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பல். இன்று காரத்தைக் குறிக்கிறது.

ஆல்கோவ்: 'அல்குப்பா' என்பது கவிமாடம். நம் ஊர்களில் 'குப்பா' என வழங்குவதும் அதுவே. ஆங்கிலத்தில் சுவரில் அமைந்த மாடம் என்னும் பொருளில் சுருங்கிற்று.

ஆல்டெபரான்: 'அத்தபரான்', பின்தொடர்வது என்பது பொருள். கார்த்திகை மீன்கூட்டத்தைப் பின்தொடரும் ரோகிணியே இது.

மாறுவேடத்தில் வந்தவை

'அல்பர்கூக்' என்பது 'ஏப்ரிகாட்' ஆனது. 'அல்பாதின்ஜான்' என்னும் கத்தரிக்காய் 'ஆபர்ஜீன்' ஆனது. அதே சொல் 'அல்' இன்றிப் போர்த்துகீசியர் வழியாக இந்தியா வந்து 'பிரிஞ்சால்' ஆனது. இவ்வரபுச் சொல்லுக்கு மூலம் பாரசீகம். பாரசீகத்துக்கு மூலம் இந்திய மொழி. அவ்விந்தியச் சொல்லும் 'வழுதுணை' என்னும் தமிழ்ச்சொல்லோடு உறவுடையது என ஆய்வாளர் சிலர் கருதுவர்.

எச்சரிக்கை

'அல்' எனத் தொடங்குவன யாவும் அரபு ஆகா. 'ஆல்பம்' என்பது வெண்மை குறித்த இலத்தீன் சொல்லிற் பிறந்தது. 'அலாரம்' என்பது 'படைக்கலம் ஏந்துக' என்னும் இத்தாலியக் கூவலில் வந்தது. 'அலிகேட்டர்' பல்லியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லின் திரிபு. அதிலுள்ள 'எல்' ஸ்பானியத்துக்கே உரியது. ஆல்ஜிப்ரா என்னும் பெயர் ஜாபிர் இப்னு ஹய்யான் என்னும் அறிஞர் பெயரால் வந்தது என்பாரும் உளர், அது பொருந்தாது. ஒலி ஒப்புமையை மட்டும் கண்டு உரிமை கொண்டாடினால், ஒரு சொல் பிழையெனக் கண்டவர் மெய்யான பத்துச் சொற்களையும் ஐயுறுவர். முன்னோர் பெருமையை மேடையில் முழங்குவோர்க்கும், வேர்ச்சொல் காண விழையும் மாணவர்க்கும் இது நினைவிற்கொள்ளத் தக்கது.

நிறைவாக

அரபு வழி ஐரோப்பா சென்ற சொற்களிலும் பல, முன்னர்ப் பிறரிடமிருந்து பெற்றவையே. 'அல்கெமி' என்பதன் 'கீமியா' கிரேக்கத்திலிருந்து வந்தது. பாதின்ஜான் நம் நாட்டிலிருந்து சென்றது. பெற்றதைப் பேணி, தம் உழைப்பையும் சேர்த்து, பிறர்க்கு வழங்கியதே பக்தாதிலும் குர்துபாவிலும் வாழ்ந்த அறிஞரின் சிறப்பு. அவர் வழிவந்த பெருமையைப் பேசும் நாம், கற்றுப் பெறுவதிலும் ஆய்ந்து வழங்குவதிலும் அவரைப் பின்பற்றக் கடமைப்பட்டுள்ளோம்.