அலங்காரக் கொங்கிரீட்: சின்ன முற்றத்துக்கு ஏன் கூடுதல் செலவு?

சீனன்குடாவிலேயே சீமெந்து ஆலை இருந்தாலும், திருகோணமலையில் சின்ன முற்றத்துக்கு அச்சுப் பதித்த கொங்கிரீட் போட்டால் சதுர அடிக் கணக்கு கையைக் கடிக்கும். மிக்ஸர் வாடகை, லொறிக் கூலி, ரப்பர் அச்சு ஆகியவற்றின் செலவு, இடம் பாதியானாலும் பாதியாகக் குறையாது.

• முதலில் அளவைக் கணக்கிடுங்கள். 4 அங்குலத் தடிப்பில் 300 சதுர அடிக்கு 100 கன அடி, அதாவது ஒரு கியூப் கொங்கிரீட் வேண்டும்.

• முற்றம், நடைபாதை, கிணற்றடி எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யுங்கள். அயல்வீட்டாரும் சேர்ந்தால் வாடகையைப் பங்கிடலாம்.

• வாடகை, போக்குவரத்து ஒரு பக்கம், சதுர அடிக் கூலி மறுபக்கம் என விலையைப் பிரித்து எழுதி வாங்குங்கள்.

• நிறத்தூளை மொத்தமாக வாங்குங்கள். பிறகு வாங்குவது நிறம் மாறலாம்.

• பணம் போதாதா? ஓரத்துக்கு மட்டும் அச்சு, நடுவில் தும்புத்தடியால் கோடிழுத்த சாதாரணக் கொங்கிரீட்.

• கடல்மணலும் உவர்நீரும் வேண்டாம்; கம்பி துருப்பிடிக்கும், மேலே வெள்ளை பூக்கும்.

• வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே வேலையை முடித்து, 7 நாளாவது ஈரம் காயாமல் பாருங்கள்.