ஓசையும் அறமும்

நுழையும்முன்

பிறமொழிக் கவிதை ஒன்றைப் படிக்கத் தொடங்கும்போது நம் கை முதலில் அகராதியைத் தேடுகிறது. சொற்பொருள் தெரிந்துவிட்டால் கவிதையே விளங்கிவிட்டது என எண்ணிக்கொள்கிறோம். கவிதையோ கண்ணுக்கு முன்பே காதுக்கு உரியது. ஆங்கிலச் சொல்லின் ஒலிக்கும் அளவுக்கும் வாழ்நாள் முழுதும் காவல் நின்ற ஆசிரியர் ஒருவர் காவிரிப் படுகையில் தோன்றினார். அவர் வழியே ஆங்கிலக் கவிதையின் ஓசையை அணுகுவோம். அவ்வோசை நம்மை மயக்கும் இடங்களையும் காண்போம்.

செவி பழகிய நிலம்

திருவாரூர் செவியால் கற்ற ஊர். மூவர் பாடிய தேவாரப் பதிகங்கள் ஆரூர்க் கோயிலில் ஓதுவார் குரலில் தலைமுறைகளைக் கடந்து ஒலிக்கின்றன. தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய கருநாடக இசை மும்மூர்த்திகளும் பிறந்தது இவ்வூரில்தான். கோயிலுக்கு வெளியே, வயலில், நாற்றை ஊன்றும் கையின் வேகத்திற்கு ஏற்ப நடவுப்பாட்டு எழுந்தது. பாட்டின் பொருள் தெரியாத குழந்தைக்கும் அதன் நடை தெரிந்திருந்தது.

இத்தகைய நிலத்தில், இன்று பாடைக்காவடித் திருவிழாவால் பலரும் அறிந்த வலங்கைமானில், 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் ஓர் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. குடந்தையில் பள்ளிக்கல்வி பெற்று, அங்குள்ள அரசு கல்லூரியில் பட்டம் பெற்றார். காவிரிக் கரையில் அமைந்த அக்கல்லூரியைத் 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று அக்காலத்தார் அழைத்தனர். உ. வே. சாமிநாதர் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராகப் பணியாற்றியதும் இங்கேதான். ஓர் அறையில் சீவகசிந்தாமணியின் பாடம் ஆராயப்பட, மற்றோர் அறையில் ஷேக்சுபியர் ஒலித்த கட்டடம் அது.

மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்த சாஸ்திரி, பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து பொதுவாழ்வில் நுழைந்தார். அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்டவர்கள் அவரை 'வெள்ளி நாவினர்' என்றனர். இப்பட்டத்தைச் சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடுவதே நம் வழக்கம். அந்நாவுக்குப் பின்னால் இருந்த காதின் உழைப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அசையும் அழுத்தமும்

தமிழ்ச் செய்யுளின் அடிப்படை மாத்திரை. குறில், நெடில், ஒற்று ஆகியவை கூடி நேரசையும் நிரையசையும் அமைகின்றன. 'படு' என்பது வேறு, 'பாடு' என்பது வேறு. பொருளைப் பிரிப்பது உயிரின் நீளம். ஆங்கிலத்திலோ அழுத்தமும் பொருளைப் பிரிக்கும். 'பிரசென்ட்' என்னும் சொல்லின் முதல் அசையை அழுத்தினால் பரிசு. இரண்டாம் அசையை அழுத்தினால் வழங்குதல். எழுத்தில் இரண்டும் ஒன்றே.

தமிழர் பேச்சில் அசைகள் ஏறத்தாழ ஒத்த வலிமையோடு வரிசையாக நடக்கின்றன. ஆங்கிலப் பேச்சிலோ அழுத்தமுள்ள அசைகள் தூண்களைப் போல நிற்க, அழுத்தமற்றவை அவற்றின் இடையே நெருங்கி ஒடுங்குகின்றன. தளர்ந்த ஓர் அசையும் அழுந்திய ஓர் அசையும் சேர்ந்த இணையை 'அயாம்பிக்' சீர் என்பர். அத்தகைய சீர்கள் ஐந்து கொண்ட அடியே ஷேக்சுபியர் நாடகங்களிலும் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காப்பியத்திலும் பெருவழக்கு. நம் மாணவர் அவ்வடியைப் படிக்கும்போது எல்லா அசைகளையும் ஒரே அளவாக ஒலித்துவிடுகின்றனர். சொற்கள் பிழையின்றி வந்துவிடும். அடியின் நடை மட்டும் காணாமற் போய்விடும். வெண்பாவைச் செப்பலோசை இன்றி, செய்தித்தாள் போலப் படித்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

தொடையிலும் வேறுபாடு உண்டு. அடிதோறும் முதலெழுத்து ஒன்றும் மோனையும், இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும் தமிழ்ச் செய்யுளின் அணிகலன்கள். அடியின் தொடக்கத்திலேயே நம் செவி விழித்துக்கொள்கிறது. ஆங்கிலக் கவிதையில் பெரும்பாலும் அடியின் இறுதி ஒத்திசைக்கும். நம் இலக்கணம் இதனை 'இயைபு' எனச் சுட்டுகிறது. எனவே ஆங்கிலப் பாடலைப் படிக்கும் தமிழ் மாணவர் காதை அடியின் மறுகோடிக்குக் கொண்டுசெல்லப் பழக வேண்டும். இது எளிய மாற்றமாகத் தோன்றலாம். பழகிப் பார்த்தால் அருமை புரியும்.

தெரிந்து தெளிவோம்

முத்துசாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக் குழுவினர் இசைத்த மேலைநாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். இவை 'நோட்டுசுவரங்கள்' எனப்படும். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாடலின் மெட்டும் இவற்றுள் ஒன்று. மன்னரைப் பாடிய மெட்டில் தீட்சிதர் அம்மனைப் பாடினார்.

சொல்லின் அளவு

காந்தியடிகளும் சாஸ்திரியும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். சாஸ்திரி பத்து நாள் மூத்தவர். அரசியலில் இருவர் வழியும் வேறு. ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரி ஏற்கவில்லை. சட்டத்திற்கு உட்பட்ட வாதமே போதும் என நம்பினார். ஆயினும் காந்தியடிகளின் தன்வரலாற்றை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, அம்மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாகத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியே. தம் பெயரை வெளியிடக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. தேசாயும் தம் முன்னுரையில் பெயர் சொல்லாமலே நன்றி கூறினார். கருத்தால் தம்மோடு மாறுபட்ட ஒருவரின் சொல், அவர் எண்ணிய அளவினின்று கூடாமலும் குறையாமலும் வாசகரைச் சேர வேண்டும் என்று ஒருவர் உழைத்தது எத்தகைய நேர்மை! கவிதையை உரக்கப் படிப்பவர் செய்ய வேண்டியதும் இதுவே. கவிஞர் மெல்லச் சொன்னதை முழக்கமாக்குவதும், அவர் ஐயத்தோடு நிறுத்திய இடத்தை உறுதியாக ஒலிப்பதும் பிறர் சொல்லைத் திரிப்பதாகும்.

ஆனால் இனிய ஒலிக்கு ஓர் எல்லை உண்டு. 1919இல் ரௌலட் மசோதாக்களை எதிர்த்து இம்பீரியல் சட்டமன்றத்தில் சாஸ்திரி ஆற்றிய உரை மிகவும் பெயர்பெற்றது. உரையைப் பாராட்டினர், சட்டத்தை நிறைவேற்றினர். ஆங்கிலேயரின் மொழியை ஆங்கிலேயரே வியக்கும்படி பேசிய ஒருவரின் நீதியான சொல், அம்மொழிக்குரியோரின் அவையிலேயே தோற்றது. ஓசையைச் சுவைப்பவர் பொருளுக்குச் செவிகொடுத்தே தீருவார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

மயக்கும் ஓசை

இதற்கு எதிர்நிலையும் உண்டு. நாம் ஏற்க வேண்டாத பொருளை நயமான ஓசை நமக்குள் சேர்த்துவிடும். டென்னிசன் எழுதிய 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' என்னும் கவிதையைக் காண்போம். 1854ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், கிரிமியப் போரில், பாலக்ளாவா என்னும் இடத்தில் தவறாக உணரப்பட்ட ஆணையால் ஆங்கிலக் குதிரைப்படை ஒன்று பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்து பேரிழப்புற்றது. அழுந்திய ஓர் அசை, தளர்ந்த ஈரசை என்னும் 'டாக்டைல்' சீரில் அக்கவிதை ஓடுகிறது. கேட்பவர் காதில் குளம்பொலி எழுகிறது. ஆணை பிழையானது என்பதைக் கவிதையே குறிப்பிடுகிறது. ஆனால் குதிரைகளின் வேகம் அப்பிழையைப் பற்றி நின்று எண்ண விடுவதில்லை. யார் பிழை செய்தார், ஏன் இத்தனை பேர் மாண்டனர் என்னும் கேள்விகள் குளம்படியில் அமிழ்ந்துவிடுகின்றன. வகுப்பில் இப்பாடலை உரக்கப் படித்து முடித்ததும் மாணவர் முகங்களில் ஒளி தெரியும். அந்த ஒளி எதற்கு என்று கேட்பது ஆசிரியரின் கடமை.

இதே போர்ப்பொருளை வேறோர் ஓசையில் தந்தவர் வில்பிரட் ஓவன். முதல் உலகப் போரில் படையதிகாரியாக இருந்த இவர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்னதாக, 25ஆம் வயதில் களத்தில் இறந்தார். அவருடைய 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்' என்னும் கவிதையில் ஒரு வீரன் பாதாளத்தில் மற்றொருவனைச் சந்திக்கிறான். அவன் தன்னால் கொல்லப்பட்ட பகைவன் என்பதைப் பின்னரே அறிகிறான். இக்கவிதையின் இயைபு முழுமையானதன்று. அடியிறுதிச் சொற்களில் மெய்யெழுத்துகள் ஒத்திருக்க, இடையில் உள்ள உயிர் மாறிவிடுகிறது. தமிழில் 'வில்' என்பதற்கு 'வேல்' என்பதை இணையாக்கினால் எப்படியோ, அப்படி. இனிய இயைபை எதிர்பார்த்துச் செல்லும் காது ஒவ்வோர் அடியிறுதியிலும் ஏமாறுகிறது. ஒத்திசை கைகூடாத உலகத்தை ஒத்திசையால் பாட அவர் மறுத்தார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஓசையே இங்கு அறமாகிறது.

ஓவனின் தாயார் பின்னாளில் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். மகன் இறுதியாக விடைபெற்றபோது கீதாஞ்சலியின் பிரிவு வரிகளைச் சொன்னதையும், அவனுடைய குறிப்பேட்டில் அவ்வரிகள் எழுதப்பட்டிருந்ததையும் அதில் தெரிவித்தார். ஆங்கிலக் கவிதையை நாம் கற்ற அதே காலத்தில், நம் நாட்டுக் கவிஞரின் சொல்லும் ஆங்கில வடிவில் அங்கே ஒரு வீரனின் பையில் இருந்தது.

பகைவனைத் தன்னைப்போல் ஒருவனாகக் காணும் பார்வை நமக்குப் புதிதன்று. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தபோது, கோவூர்கிழார் பாடிய புறநானூற்றின் 45ஆம் பாடலை நினைவுகூர்க. மோதுவோர் இருவரும் சூடியிருப்பது சோழர்க்குரிய ஆத்திமாலையே. எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடிதான் என்பது அவர் வாதம். இதற்கு அவர் கையாண்டது பேச்சுக்கு அணுக்கமான அகவலோசை. படைகள் மோதவிருக்கும் இடத்தில் முரசொலி இல்லாத நடையில் பேசியதால்தான் அச்சொல் இன்றும் நம் காதில் நிற்கிறது.

வகுப்பறையில்

ஓசைக்கு முதன்மை தரும் கல்வியில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. பலுக்கலில் தவறுபவரைப் பார்த்துச் சிரிப்பதே அது. முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்தோ கோட்டூர்ப் பக்கத்திலிருந்தோ வரும் ஒரு மாணவி 'இஸ்கூல்' என்று சொன்னால் வகுப்பில் நகை எழுகிறது. அதற்குப் பின் அம்மாணவி ஆண்டு முழுதும் வாய் திறப்பதில்லை. தமிழில் உயிரில்லாத மெய் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்து வரும் விதி. மெய்ம்மயக்கத்தோடு தொடங்கும் அயற்சொல்லின் முன் இகரத்தைச் சேர்க்கும் நாக்கு அவ்விதியையே பின்பற்றுகிறது. 'ப' என்னும் ஓரெழுத்தால் ஆங்கிலத்தின் இரு வேறு ஒலிகளைக் குறிக்கும் நமக்கு அவற்றைப் பிரித்தொலிப்பதில் இடர்ப்பாடு நேர்வதும் இயல்பே. காரணத்தை விளக்கிப் பயிற்சி தருவது கல்வி. நகைப்பது கல்வியாகாது.

ஆங்கிலக் கவிஞரும் இந்நகைப்புக்குத் தப்பவில்லை. உயர்குடியில் பிறவாத ஜான் கீட்ஸை 1818இல் ஓர் இதழ் 'காக்னிப் பள்ளி' என, அதாவது லண்டன் எளிய மக்களின் பேச்சு வழக்கினர் என எள்ளியது. அவருடைய இயைபுகள் உயர்குடியினரின் பலுக்கலோடு பொருந்தவில்லை என்றும் குறை கூறினர். அந்தக் கீட்ஸின் ஓசைநயத்தையே இன்று உலகெங்கும் பாடமாக நடத்துகிறோம். குடந்தைக் கல்லூரியில் 1904இல் சேர்ந்த சீனிவாச இராமானுசன் ஆங்கிலத் தேர்வில் தவறி உதவித்தொகையை இழந்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

சாஸ்திரியின் காதிலும் ஒரு சாய்வு இருந்தது என்றே கூற வேண்டும். 1940இல் சென்னை மாகாண அரசு அமைத்த கலைச்சொற்குழுவிற்கு அவர் தலைவராக இருந்தபோது, வடமொழிச் சொற்களுக்கே முதன்மை தரப்படுவதாகத் தமிழறிஞர் பலர் எதிர்த்தனர். ஆங்கிலத்தின் நுண்ணொலிகளை அத்துணைக் கூர்மையாகக் கேட்டவர், தம் ஊர் வயலில் பிறந்த சொற்களுக்கு அதே அளவு செவி சாய்த்திருக்கலாம்.

ஒரு கவிதையைக் கற்பிக்கும் முறை ஒன்றை இங்குக் கூறலாம். முதன்முறை ஆசிரியர் உரக்கப் படிக்க, மாணவர் நூலை மூடி வைத்துக் கேட்க வேண்டும். அழுந்தும் அசைதோறும் மேசையில் விரலால் தட்டலாம். தாளம் பழகிய கைகளுக்கு இது விளையாட்டே. அடுத்து, சொற்பொருள். பின்னர் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் குரலில் படிக்க வேண்டும்; இடையில் எவரும் திருத்தக் கூடாது. இறுதியாக அக்கவிதையை ஓசை நீக்கி, உரைநடையாகத் தமிழில் சொல்லச் செய்ய வேண்டும். அவ்வாறு சொன்ன பின்னும் அக்கருத்தை நாம் ஏற்கிறோமா என்று வகுப்பு பேசட்டும். டென்னிசன் கவிதையில் குளம்பொலி நின்றபின் எஞ்சுவது என்ன? ஆணை, பிழை, இறந்தவர் எண்ணிக்கை. அதன்பின் கவிதையை மறுபடியும் உரக்கப் படிக்கும்போது குரல்கள் சற்றே தாழ்ந்து ஒலிக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஆங்கிலப் பாடநூலில் உள்ள கவிதை ஒன்றை உரக்கப் படித்து, அழுத்தம் பெறும் அசைகளைக் குறியிடுக. நீங்கள் அறிந்த நடவுப்பாட்டு அல்லது தாலாட்டு ஒன்றின் நடையோடு அதனை ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

2. தீட்சிதர் மேலைநாட்டு மெட்டைக் கையாண்ட முறையையும் ஓவன் இயைபைக் கையாண்ட முறையையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் மனத்தைக் கவர்ந்த திரைப்பாடல் ஒன்றின் கருத்தை மெட்டின்றி உரைநடையில் எழுதி, அக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா என்பதைக் காரணத்துடன் விளக்குக.