காரில் ஆயில் கருகும் வாடையா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாகக் கருகிய ஆயில் வாடை வருகிறது, வண்டி நகர்ந்ததும் போய்விடுகிறது. பெரும்பாலும் இதுதான் முதல் அறிகுறி. முன்கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் பின்விளிம்பை ஒட்டியிருக்கும் துளைகள் வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே வருகிறது. ஓடும்போது எதிர்க்காற்று புகையை அடித்துக்கொண்டு போகும். நின்றதும் அது மேலெழுந்து அந்தத் துளைகளில் புகுந்துவிடும். எங்கோ கசியும் என்ஜின் ஆயில், கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து தீய்கிறது என்பதே இதன் பொருள். கசியும் இடத்தைத் தேடாமல் குறைந்த ஆயிலை மட்டும் ஊற்றிக்கொண்டே ஓட்டுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியவை

• முதலில் வாடையைப் பிரித்தறியுங்கள். மலையிலிருந்து இறங்கியதும் சக்கரத்துப் பக்கம் அடித்தால் பிரேக். ஏற்றத்தில் அரை கிளட்சில் நின்ற பிறகு, காகிதம் கருகியதுபோல் வந்தால் கிளட்ச் பிளேட். இனிப்பு கலந்திருந்தால் கூலன்ட். பிளாஸ்டிக் கருகினால் வயரிங். எலி கடித்ததா என்றும் பாருங்கள். சாலையில் கிடந்த பிளாஸ்டிக் பை சைலன்ஸரில் ஒட்டி உருகுவதும் உண்டு. ஆயில் வாடை கனமானது, என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே வரும்.

• சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். உருவித் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி உருவி அளவு பார்க்க வேண்டும். மேல்குறிக்கும் கீழ்குறிக்கும் நடுவே பல கார்களில் ஏறத்தாழ 1 லிட்டர் வித்தியாசம் இருக்கும். கீழ்குறிக்கும் கீழே போயிருந்தால், கையேட்டில் சொன்ன அதே கிரேடு ஆயிலை ஊற்றிய பிறகே வண்டியை எடுங்கள்.

• அண்மையில் ஆயில் மாற்றினீர்களா? பழைய ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த ஆயில், ஓரிரு நாள் ஓட்டத்தில் எரிந்து தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் வாடை வந்தால், ஆயில் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஃபில்டர் அடியில் ஈரமா என்று பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை மாட்டிவிடும் தவறு நடப்பதுண்டு. இரட்டை வளையம் எப்போது வேண்டுமானாலும் பிதுங்கி, சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் கொட்டிவிடும்.

• டேப்பெட் கவர் பேக்கிங்கைத் தேடிப் பாருங்கள். கொஞ்சம் வயதான கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். என்ஜினின் உச்சியில் கவர், பல கார்களில் அதற்கு நேர் கீழே ஒரு பக்கம் எக்ஸாஸ்ட். ஆண்டுக்கணக்கில் சூடு பட்டு ரப்பர் இறுகி, பிடி விட்டுப்போகும். என்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்து, கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் கோட்டில் வெள்ளை டிஷ்யூவை ஒற்றியபடியே போங்கள். தூசி அப்பிக் கறுத்த பிசுக்கு பழைய கசிவு. பளபளவென்று ஈரமாக ஒட்டினால் இப்போது கசிகிறது. ஆயில் கீழ்நோக்கி வழியும், காற்று அதைப் பின்னே தள்ளும். ஆகவே ஈரமான இடங்களிலேயே மிக உயரமானதும் முன்னால் இருப்பதும் எதுவோ, அதுதான் மூலம். ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் உள் சீல்களும் போய்விட்டன. எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

• எல்லா இடமும் பிசுக்காக இருந்து எதுவும் புரியாவிட்டால், டிகிரீஸர் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமான இணைப்புகளில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். பெல்ட் பக்கம் மட்டும் வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டித் திரும்பினால், வெள்ளைப் பவுடரில் ஆயில் இறங்கிய தடம் தெளிவாகத் தெரியும்.

• பேக்கிங் மாற்றும்போது, என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்துக்கொண்டால் என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, புதிய பேக்கிங்கையும் சில மாதங்களில் தள்ளிவிடும். ‘போன வருஷம்தான் மாத்தினோம், திரும்பவும் லீக்’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இந்தச் சின்ன வால்வு இருக்கிறது.

• டர்போ உள்ள வண்டியில் டர்போவுக்குப் போய்வரும் ஆயில் குழாய்களையும் பார்க்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

• சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தபின் ‘பக்கத்து ஊர் வரை போயிடலாம்’ என்று ஓட்டவே கூடாது. அது ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்லும் விளக்கு. உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். இல்லாவிட்டால் பேரிங் போய், முழு என்ஜின் வேலையில் வந்து நிற்கும்.

• தரையில் சொட்டு இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எக்ஸாஸ்டில் விழும் ஆயில் அங்கேயே எரிந்துவிடும், தரைக்கு வராது.

• சூடான என்ஜினில் கை வைக்காதீர்கள், தண்ணீர் அடிக்காதீர்கள். என்ஜின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுழலத் தொடங்கலாம்.

• கசிவை அடக்க 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த என்ஜினில் ஆயில் ஓட்டம் தாமதப்படும், இறுகிய ரப்பர் அப்படியே இருக்கும்.

• டேப்பெட் கவர் போல்ட்டைப் பலம் கொண்டமட்டும் முறுக்காதீர்கள். சிறிய போல்ட்கள் அவை, டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். மீறினால் பேக்கிங் பிதுங்கும், பிளாஸ்டிக் கவர் விரிசல் விடும்.

• பேக்கிங்குக்குப் பதில் சுற்றிலும் சிலிக்கான் பூசி மூடவிடாதீர்கள். கையேடு சொல்லும் மூலைகளில் ஒரு சிறு பொட்டு போதும். அதிகமாகப் பிதுங்கிய துண்டு உள்ளே உதிர்ந்து, ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும்.

• கார் பெர்ஃப்யூம் வைத்து வாடையை மறைக்காதீர்கள். புகையோடு தலைவலியும் வந்தால் எக்ஸாஸ்ட் வாயுவும் உள்ளே நுழைகிறது என்று சந்தேகப்பட்டு, கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

• சைலன்ஸரிலிருந்து தொடர்ந்து நீலப்புகை வந்தால் டேப்பெட் கவரைக் குறை சொல்லாதீர்கள். அது ஆயில் உள்ளேயே எரிவது. வால்வு சீல், பிஸ்டன் ரிங், டர்போ என்று வேறு பாதையில் தேட வேண்டும். தள்ளிப்போட்டால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும்.

• பானட்டுக்குள் தீ தெரிந்தால் திறக்காதீர்கள். காற்று புகுந்ததும் தீ எகிறும். எல்லோரையும் இறக்கித் தள்ளிப்போய் 112-ஐ அழையுங்கள்.

• பேக்கிங் மாற்றிய மறுநாளும் வாடை வருகிறதே என்று உடனே மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மேனிஃபோல்டில் ஊறிய பழைய ஆயில் எரிந்து தீரச் சில நாள் ஆகும். ஒரு வாரம் கழித்தும் வாடை நிற்காமல், டிப்ஸ்டிக்கில் அளவும் இறங்கியிருந்தால், பில்லை எடுத்துக்கொண்டு போங்கள்.