கணினிப் பதிவேடுகளும் அனுமதியின் எல்லையும்

கிராமத்துக் கணக்குகள் கர்ணத்தின் பெட்டியில் இருந்த காலம் ஒன்றுண்டு. அடங்கலும் சிட்டாவும் அவர் வீட்டு மரப்பெட்டியில் கிடக்கும். பெட்டியைத் திறந்தவர் யார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். நம் மாநிலத்தில் 1980-ஆம் ஆண்டில் அப்பதவி ஒழிக்கப்பட்டது. இன்றோ நிலக் கணக்கும், வீட்டுவரிக் கணக்கும், உதவித் தொகை பெறும் முதியோரின் வங்கிக் கணக்கு எண்ணும் கணினியில் ஏறிவிட்டன. கணினியை ஒருவர் திறந்து பார்ப்பது பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் தெரிவதில்லை. ஆகவே, அதனை யார் திறக்கலாம், எதுவரை பார்க்கலாம் என்று சட்டம் வகுத்துள்ள எல்லையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இவ்விஷயத்திற்கு அடிப்படையானது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதி தராமல் ஒரு கணினிக்குள் புகுதல், அதிலுள்ள விவரங்களை நகலெடுத்தல், அழித்தல், மாற்றுதல் ஆகியவற்றைச் செய்பவர் நஷ்டஈடு தரக் கடமைப்பட்டவர் என்று அதன் 43-ஆம் பிரிவு கூறுகின்றது. இவற்றையே நேர்மையற்ற எண்ணத்துடனோ மோசடியாகவோ செய்தால், 66-ஆம் பிரிவின்படி அது குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கடவுச்சொல்லைத் தந்திரமாகக் கண்டறிந்து நுழைந்தால்தான் குற்றம் எனப் பலர் எண்ணுகின்றனர். சட்டத்தில் அத்தகைய நிபந்தனை ஏதுமில்லை. மூடாமல் விட்டுப்போன கணினியாயினும், அனுமதி இல்லாதவர் அதில் கை வைத்தல் கூடாது.

வெளியாள் விஷயம் இவ்வளவில் தெளிவு. கடினமான கேள்வி, அனுமதி பெற்ற ஆளைப் பற்றியது.

ஒரு பஞ்சாயத்தில் வீடு கட்டும் திட்டத்துப் பயனாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்ற ஒப்பந்த அடிப்படையில் ஓர் இளைஞர் அமர்த்தப்பட்டிருந்தார். தமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் கேட்டார் என்று, பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் அடங்கிய பட்டியலை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுத்துவிட்டார். சில நாட்களில் அப்பட்டியலில் இருந்த விதவைப் பெண்மணி ஒருவருக்குத் தவணை வந்திருப்பதாகத் தொலைபேசி வந்தது. அவர் நம்பி ஓ.டி.பி. எண்ணைச் சொன்னார், அஸ்திவாரத்துக்கு வைத்திருந்த பணம் போயிற்று. அந்தப் பட்டியலிலிருந்தே எண் சென்றது என்று நிரூபிக்க இயலவில்லை. விசாரித்தபோது அவ்விளைஞர் சொன்ன பதில் நம்மைச் சிந்திக்க வைத்தது: “பார்க்க எனக்கு அனுமதி உண்டே, ஐயா! நான் எதையும் உடைத்துப் புகவில்லையே!”

இதை ஒத்த வாதம் அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. ஜார்ஜியா மாநிலத்துப் போலீஸ் அதிகாரி ஒருவர், பணம் பெற்றுக்கொண்டு, ஒரு மோட்டார் வண்டியின் எண்ணைத் தம் இலாகாவின் கணினியில் தேடினார். அக்கணினியைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி உண்டு; ஆனால் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாதென்பது இலாகா விதி. வான் பியூரன் வழக்கு என வழங்கும் இதில், 2021 ஜூன் 3 அன்று, ஆறு நீதிபதிகள் அவர் பக்கமும் மூவர் எதிராகவும் தீர்ப்பளித்தனர். கதவு ஒருவருக்குத் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே அந்நாட்டுக் கணினிக் குற்றச் சட்டம் பார்ப்பது. திறந்த கதவு வழியே கெட்ட நோக்கத்துடன் சென்றது அச்சட்டத்தின் கீழ் வராது என்பது பெரும்பான்மையோர் முடிவு.

நம் நாட்டுச் சட்டத்தின் வாசகம் வேறு. புகுவதைத் தனியாகவும் நகலெடுப்பதைத் தனியாகவும் 43-ஆம் பிரிவு சொல்கின்றது. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். பார்த்துப் பதிய அனுமதி பெற்றவர், வெளியே எடுத்துச் செல்லவும் அனுமதி பெற்றவர் ஆகார். அன்றியும், ஒப்பந்தப்படி சேவை செய்கையில் கிடைத்த தனிநபர் விவரங்களை, தவறான ஆதாயமோ நஷ்டமோ விளையும் என்று அறிந்தே பிறருக்கு வெளியிடுவோருக்கு 72அ பிரிவு தண்டத் தொகை விதிக்க வகை செய்கின்றது; 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அதில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருந்தது. எனவே அவ்விளைஞரின் வாதம் இங்கு செல்லாது என்பதே நம் கருத்து. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த வேலைக்கு, எதுவரை அவருக்கு அனுமதி என்று எவரும் ஒரு வரிகூட எழுதித் தந்திருக்கவில்லை. அது அவர் தவறன்று. மேற்பார்வையில் இருந்த நம்முடைய தவறு.

பணப் பட்டுவாடாவில் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் முறையில், ஒருவர் பட்டியலைத் தயாரிக்க, மற்றொருவர் சரிபார்த்து மின்னணுக் கையொப்பமிட வேண்டும். பழைய இரட்டைப் பூட்டு முறையே இது. இரண்டு கையொப்பக் கருவிகளும் ஒரே மேஜை அறையில், இரகசிய எண்கள் நாட்காட்டியின் பின்புறத்தில் என்றிருந்தால் இரட்டைப் பூட்டு எங்கே? பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணுக் கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடுத்தவரும் எளிதில் தப்ப இயலாது. அனுமதியின்றிப் புகுவதற்கு உதவி செய்தலையும் 43-ஆம் பிரிவு சேர்த்தே கூறுகின்றது. மின்னணுக் கையொப்பம் சட்டத்தின் முன் கைக் கையொப்பத்துக்குச் சமமாதலால், “நான் போடவில்லை” என்று பின்னர் மெய்ப்பிப்பது எளிதன்று.

இச்சட்டத்தைத் திரையாக்கிக் கொள்வோரும் உளர். கிராம சபையில் வைக்க வேண்டிய வரவு செலவுக் கணக்கை, “கணினியில் இருக்கிறது, காட்டலாகாது” என்று மறுத்தல் முறையன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பயனாளியின் பெயரும் அவருக்கு அனுமதித்த தொகையும் ஊரறிய வேண்டியவை. அவருடைய வங்கிக் கணக்கு எண் அப்படியன்று.

நஷ்டம் அடைந்தவர், ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை, தீர்ப்பு அதிகாரியாக உள்ள மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் முறையிடலாம். குற்றமாயின் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி புலன் விசாரிப்பார். பணம் பறிபோனால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். மேற்சொன்ன அம்மையார் மூன்றாம் நாள்தான் வாய் திறந்தார்.

பணியாளர் மாறிச் செல்லும் நாளில் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பீரோ சாவிகளைக் குறிப்பது வழக்கம். அதன் கீழேயே எந்தெந்தக் கணினிக் கணக்குகளின் கடவுச்சொற்கள் அன்று மாற்றப்பட்டன என்பதையும் எழுதி, இருவரும் கையொப்பமிடலாம். புதிய கடவுச்சொல்லை மட்டும் அங்கு எழுதிவிட வேண்டாம்; அதையும் ஓரிடத்தில் நாம் கண்டிருக்கிறோம்.